வாக்குமூலங்களைக் கொண்டு ஆள்கடத்தல் வலையமைப்பை வரைவது எப்படி?

கேள்வி: ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்பில் பணிபுரிகிறேன். பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாக்குமூலங்கள் எங்களிடம் உள்ளன. அவற்றிலிருந்து ஒரு வலையமைப்பை வரைந்து, கும்பலின் தலைவர் யார் என்று கண்டறிய முடியுமா?

பதில்: வரையலாம், ஆனால் தலைவர் அகப்படுவார் என்ற எதிர்பார்ப்போடு தொடங்க வேண்டாம். படத்தில் மிக அதிக இணைப்புகளோடு தெரிபவர் பெரும்பாலும் மிக அதிகமாகக் கண்ணில் பட்டவர்தான். வேலை வாங்கித் தருவதாக அழைத்தவரையும், வண்டி ஓட்டியவரையும், தங்குமிடத்தில் காவல் இருந்தவரையும் பாதிக்கப்பட்டவர்கள் நேரில் பார்த்திருப்பார்கள். பணம் போட்டவரைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. குற்ற வலையமைப்புகளில் தரவு முழுமையாகக் கிடைக்காது, யாரைச் சேர்ப்பது என்ற எல்லை தெளிவாக இருக்காது, வலையமைப்பே மாறிக்கொண்டிருக்கும் என்று ஆய்வாளர் மால்கம் ஸ்பாரோ 1991-இலேயே எழுதினார். மூன்று சிக்கல்களும் உங்கள் கோப்புகளில் நிச்சயம் இருக்கும்.

ஆகவே ஆட்களை அடையாளம் காணும் முன் வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டில் ஐ.நா. ஏற்றுக்கொண்ட, ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான பலேர்மோ நெறிமுறை, ஆள் சேர்த்தல், கொண்டு செல்லுதல், கைமாற்றுதல், தங்கவைத்தல், பெற்றுக்கொள்ளுதல் என்று செயல்களை வகுத்திருக்கிறது. இந்த வரிசையே போதும். ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் அது எந்த வேலையைச் சார்ந்தது, எப்போது நடந்தது, எத்தனை பேர் தனித்தனியாகச் சொன்னார்கள் என்று குறியுங்கள்.

ஒரு வாக்குமூலத்தில் 'அக்கா' என்றும், இன்னொன்றில் ஒரு பெயரும், மூன்றாவதில் ஒரு தொலைபேசி எண் மட்டும் வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்றையும் அவசரப்பட்டு ஒரே ஆளாக்கினால், இல்லாத ஒரு 'முக்கியப் புள்ளி' படத்தில் முளைத்துவிடும். தனித்தனி முனைகளாகவே (படத்தில் ஓர் ஆளைக் குறிக்கும் புள்ளி) வைத்து, இடையே புள்ளிக்கோடு போட்டு, சேர்த்தும் பிரித்தும் இருமுறை கணக்கிடுங்கள். முடிவு தலைகீழாக மாறினால் அந்த முடிவை நம்ப வேண்டாம்.

கணக்கிடும்போது, மற்றவர்களுக்கு இடையிலான குறுகிய பாதைகளில் எத்தனை ஒருவர் வழியாகப் போகின்றன என்று சொல்லும் இடைநிலை மையத்துவத்தையும் பாருங்கள். போலி ஆவணம் தயாரிப்பவருக்கு இரண்டு மூன்று தொடர்புகளே இருக்கலாம். அவரைத் தாண்டாமல் யாரும் எல்லை கடந்திருக்க மாட்டார்கள். ஓட்டுநர் பிடிபட்டால் வேறொருவர் எளிதில் கிடைப்பார், இவருக்கு மாற்றுத் தேடுவது கடினம்.

போதைப்பொருள் கடத்தலுக்கு உருவாக்கிய, சரக்கு கைமாறிச் செல்லும் வழியைக் காட்டும் ஓட்ட மாதிரிகளை அப்படியே எடுத்தாளுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சரக்கு ஒருமுறை விற்றால் தீர்ந்தது. மனிதரை மீண்டும் மீண்டும் சுரண்டுகிறார்கள், கடனைக் காட்டி மிரட்டி மற்றவர்களை அழைத்து வரவும் வைக்கிறார்கள். அதனால் ஒரே முனை முதலில் பாதிக்கப்பட்டவராகவும் பின்னர் ஆள் சேர்ப்பவராகவும் இருக்கலாம். தேதி குறிக்காத படம் அவரைக் குற்றவாளியாக மட்டுமே காட்டும். மீட்கப்பட்டவர் கடன் தீராமல், போக இடமின்றி மறுபடி சிக்குவதையும் திரும்பும் அம்புக்குறியாக வரையுங்கள். அப்போது புகலிடமும் கடன் நிவாரணமும் கைதுக்கு இணையாக வலையமைப்பை அறுக்கும் இடங்களாகத் தெரியும். உங்கள் அமைப்பு நேரடியாகச் செயல்படக்கூடிய இடங்களும் அவையே.

மென்பொருளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு விரிதாளும், இலவசமாகக் கிடைக்கும் கெஃபி (Gephi) என்ற வலையமைப்பு வரையும் மென்பொருளும் போதும். தொடங்கும் முன் வாக்குமூலம் தந்தவர்களின் ஒப்புதலைப் பெறுங்கள். பெயர்களுக்குப் பதில் குறியீடு இட்டு, எந்தக் குறியீடு யாருடையது என்று சொல்லும் திறவுகோலை இணையத்தோடு இணைக்காத வேறொரு கணினியில் வையுங்கள். ஒரே ஒருவர் மட்டும் சொல்லியிருக்கக்கூடிய இணைப்பு எதுவும் வெளியாருக்குக் காட்டும் படத்தில் இருக்கக் கூடாது. அதைச் சொன்னவர் யாரென்று கும்பலுக்கு உடனே புரிந்துவிடும்.