யூஎஸ்பி கேப்சரை எவ்வளவு நம்பலாம்? சுங்கை சிப்புட்டிலிருந்து சில பதில்கள்

தோட்ட ஆபீஸ், மளிகைக் கடை என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கணினி பழுது பார்ப்பது என் பிழைப்பு. கணினிக்கும் யூஎஸ்பி கருவிக்கும் இடையே போய்வருவதை மென்பொருளால் பதிவு செய்து பார்ப்பதுதான் யூஎஸ்பி கேப்சர். அது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

தோட்டத்துக் கிராணி: அண்ணே, செம்பனைக் குலை லாரியை நிறுக்கும் தராசிலிருந்து எடை யூஎஸ்பி ஒயரில்தான் வருகிறது. லாரி இல்லாதபோதும் வயர்ஷார்க் என்ற கேப்சர் மென்பொருளில் 01 60, 01 60 என்று ஓடுகிறது. பொய் சொல்கிறதா?

இல்லை தம்பி. அந்த ஒயரில், தராசின் சீரியல் தரவை யூஎஸ்பியாக மாற்றும் எஃப்டிடிஐ சிப் இருக்கிறது. கணினிக்கு அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் தன் நிலையைச் சொல்ல 2 பைட் வைக்கும். எடையே வராவிட்டாலும், அமைப்பை மாற்றாதவரை, 16 மில்லி செகண்டுக்கு ஒருமுறை அந்த 2 பைட் மட்டும் வந்துகொண்டிருக்கும். கணினியில் உள்ள டிரைவர் மென்பொருள் அதை உரித்துவிட்டு எடை மென்பொருளிடம் கொடுக்கிறது; வயர்ஷார்க் தோலோடு காட்டுகிறது, அவ்வளவுதான். லாரி ஏறியதும் பின்னால் 38 34 36 30 (8, 4, 6, 0 என்ற எழுத்துகளின் குறியீடு) வந்தால், அதுதான் 8460 கிலோ.

பாலிடெக்னிக் மாணவி: லினக்ஸில் பாதி வரிகளில் -115 என்று பிழை வருகிறது.

அது பிழை இல்லை தங்கச்சி. கோரிக்கை போயிருக்கிறது, இன்னும் முடியவில்லை என்று பொருள். அது திரும்பி வரும் வரியைப் பாருங்கள். 0 என்றால் சரி, -32 என்றால் கருவியே மறுக்கிறது, -71 என்றால் முதலில் ஒயரைச் சந்தேகியுங்கள்.

மளிகைக் கடைக்காரர்: ரசீது பிரிண்டர் திணறுகிறது. கேப்சரில் எல்லாமே 0. அப்புறம் எப்படி?

இதில்தான் நானும் இரண்டு இரவு ஏமாந்தேன். லினக்ஸில் கேப்சர் எடுக்கும் யூஎஸ்பிமானும் சரி, விண்டோஸில் எடுக்கும் யூஎஸ்பிபிகேப்பும் சரி, டிரைவருக்கும் ஹோஸ்ட் கண்ட்ரோலருக்கும் (கணினியில் யூஎஸ்பியை இயக்கும் சிப்) இடையே நடப்பதைத்தான் பிடிக்கின்றன. ஒயரில் ஓடுவதை அல்ல. பாக்கெட் கெட்டுப்போனால் கண்ட்ரோலர் தானே மறுபடி முயலும். வழக்கமாகத் தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் மேலே முறையிடும். இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டால் உங்கள் திரையில் 0தான். கோரிக்கை போனதற்கும் திரும்பியதற்கும் இடைவெளி நீண்டால்கூட, பிரிண்டர் “பொறு” என்கிறதா, ஒயர் சரியில்லையா என்று கேப்சரை வைத்துப் பிரிக்க முடியாது. எனக்கு வாய்த்த கேஸில் அரிசி மூட்டைக்கு அடியில் ஒயர் நசுங்கிக் கிடந்தது. முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள் அண்ணாச்சி.

அவரே: அப்படியானால் ஹார்டுவேர் அனலைசர் வாங்கலாமா?

சின்தியான் போன்ற அனலைசர்கள் ஒயரில் ஓடும் பாக்கெட்டையே காட்டும், கெட்டுப்போனதையும் சேர்த்து. சொந்தமாகக் கருவி செய்கிறவருக்கு அது வேண்டும். கடைக்கு எதற்கு?

இன்னொருவர்: கேப்சரில் கருவி என்னவென்றே தெரியவில்லை.

செருகும்போதுதான் அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். கேப்சரை ஓடவிட்டு, கழற்றி மறுபடி செருகுங்கள்.

கிராணி மறுபடியும்: கோப்பை அனுப்பட்டுமா அண்ணே?

அனுப்புங்கள். ஆனால் தராசின் யூஎஸ்பி முகவரியை மட்டும் வடிகட்டி அனுப்புங்கள். கீபோர்டும் அதே யூஎஸ்பி பாதையில் (பஸ்) இருந்தால் நீங்கள் தட்டிய பாஸ்வேர்டும் சேர்ந்து வந்துவிடும்.