பாம் எண்ணெய் விலையும் காடழிப்பும்: கேள்வி பதில்

நல்லூர் வாசகர்: தேங்காய் எண்ணெய் விலை ஏறும்போது நாங்கள் பாம் எண்ணெய் வாங்குகிறோம். அதனால் எங்கோ காடு அழிகிறது என்பது உண்மையா, ஐயா?

பதில்: உண்மைதான், ஆனால் இடையில் விலை என்ற ஒன்று நிற்கிறது. உலகின் பாம் எண்ணெயில் ஏறத்தாழ 85 வீதம் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் உற்பத்தியாகிறது. எல்லா நாடுகளின் தேவையும் சேர்ந்து விலையை உயர்த்தும்போது, அங்குள்ள கம்பனிகளும் சிறு விவசாயிகளும் புதிய நிலம் தேடுகின்றனர். சுமாத்திரா, போர்னியோ தீவுகளில் அப்படிக் கிடைத்த நிலத்தில் கணிசமான பகுதி மழைக்காடாக இருந்தது.

சாவகச்சேரி வாசகர்: அப்படியானால் விலை இறங்கினால் காடு தப்புமா?

பதில்: புதிதாக வெட்டுவது குறையும், வெட்டிய காடு திரும்பாது. நட்ட எண்ணெய்ப்பனைக் கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கி ஏறத்தாழ 25 ஆண்டுகள் பலன் தருவதால், இடையில் விலை சரிந்தாலும் அதைப் பிடுங்க எவரும் விரும்பார். மேலும், வெட்டிய பழக்குலையை ஓரிரு நாளுக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும் என்பதால், ஓர் ஆலை எழுந்த இடத்தைச் சுற்றிப் பாதைகளும் தோட்டங்களும் பெருகிக்கொண்டே போகின்றன. இந்தோனேசியா 2011 இல் முதனிலைக் காடுகளிலும் (மனிதர் வெட்டாத பழங்காடுகள்) சதுப்புக் கரிநிலங்களிலும் (மட்கிய தாவரங்கள் படிந்த ஈரநிலங்கள்) புதிய அனுமதிகளை நிறுத்தியது. அதே ஆண்டுக்குப் பின் விலையும் இறங்கியது. தோட்டங்களுக்கான காடழிப்பும் அடுத்த பத்தாண்டில் பெரிதும் குறைந்தது. விலை தாழ்ந்திருக்கும்போதே சட்டத்தை இறுக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உக்ரேன் போர் தொடங்கிய பின் 2022 இல் விலை தொன்னுக்கு 7,000 மலேசிய ரிங்கிட்டைத் தாண்டியதைப் போன்ற நாட்களில், காட்டுக்காகப் பேசுவோரின் குரல் எடுபடுவது மிகக் கடினம்.

பருத்தித்துறை வாசகர்: எல்லோரும் பாம் எண்ணெயைக் கைவிட்டால் என்ன?

பதில்: ஒரு ஹெக்டெயரில் இந்த மரம் மூன்று, நான்கு தொன் எண்ணெய் தருகிறது; சோயா அரைத் தொன் அளவே தரும். அதே எண்ணெயைச் சோயாவில் பெற முயன்றால் பன்மடங்கு நிலம் வேண்டும், அமேசன் பக்கம் அழுத்தம் கூடும். ஆகவே எந்த எண்ணெய் என்பதைவிட, எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்பதே பொருத்தம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய சட்டம் அதையே கேட்கிறது: 2020 டிசம்பர் 31 க்குப் பின் காடழித்த நிலத்தின் விளைபொருளுக்கு அங்கே சந்தை இல்லை என்பதே அதன் விதி, நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டாலும்.

சுன்னாகம் வாசகர்: இலங்கையில் 2021 இல் பாம் எண்ணெய் இறக்குமதிக்கும் புதிய எண்ணெய்ப்பனைச் செய்கைக்கும் வந்த தடையும் காட்டுக்காகவா?

பதில்: முக்கியமாக நீருக்காகவும் மண்ணுக்காகவும். காலி, களுத்துறைப் பக்கத்து முள்ளுத்தேங்காய் (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள் பெரும்பாலும் பழைய இறப்பர் நிலங்களில் எழுந்தவை. இறக்குமதித் தடை பின்னர் தளர்ந்தது. நாம் சமையலுக்கு வாங்கும் பாம் எண்ணெயில் பெரும்பங்கு இன்றும் வெளிநாட்டு நிலத்தில் விளைந்ததே.