வருகைக்கு நாள் குறிக்க முடியுமா?

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். கன்வென்ஷன் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்த என் அண்ணன், ஓக்கி புயலும் 2018 வெள்ளமும் கடைசிக் கால அடையாளங்கள் என்றும், இரகசிய வருகை நெருங்கிவிட்டது என்றும் கூறி, மகளை நர்சிங் படிப்பில் சேர்க்க மறுக்கிறார். ரப்பர் நிற்கும் நிலத்தையும் விற்று ஊழியத்துக்குக் கொடுக்கப் போகிறாராம். வேதம் இப்படித்தான் சொல்கிறதா?
– வாசகி, பாறசாலை

பதில்: கிறிஸ்து மீண்டும் வந்து உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார் என்பது நீங்கள் ஆலயத்தில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலேயே இருப்பதால், அதில் உங்களுக்கும் அண்ணனுக்கும் வழக்கில்லை; வழக்கெல்லாம் காலக் கணக்கில்தான். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரைத் தவிர எவரும் அறியார் என்கிறது மத்தேயு 24:36. யுத்தச் செய்திகளைக் கேட்டுக் கலங்க வேண்டாம், முடிவு உடனே வராது என்று அதே அதிகாரத்தின் ஆறாம் வசனம் சொல்வதைப் பிரசங்கியார்கள் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

உலக முடிவுக்கு முன் வரும் ஏழு ஆண்டு உபத்திரவ காலத்துக்கு முன்பே, விசுவாசிகளாகிய சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்ற இரகசிய வருகைப் போதனை, 1 தெசலோனிக்கேயர் 4:17-ஐ ஆதாரமாகக் காட்டினாலும், இன்றைய வடிவில் பரவியது 1830-களில் பிரதரன் சபைத் தலைவர்களில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பியின் உபதேசத்தாலும், 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் விளக்கக் குறிப்புகள் கொண்ட வேதாகமத்தாலும்தான். பிரதரன் சபையாரும் பெந்தெகொஸ்தேயினர் பலரும் அதை நம்புகிறார்கள். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் ஏற்பதில்லை.

நாள் குறித்தவர்களின் கதை நம் பக்கத்திலேயே உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் கிறிஸ்தவ குருவான யுஸ்தூஸ் யோசேப்பு, கிறிஸ்து 1881-இல் வருவார் என்று அறிவித்தார். அவரை நம்பி ஒரு கூட்டமே பிரிந்து சென்றது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஐ எதிர்பார்த்திருந்தனர். சிலர் விளைந்த பயிரையும் அறுக்காமல் விட்டார்கள். இரண்டு நாள்களும் வந்தன, போயின.

அண்ணனிடம் மத்தேயு 25-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் அந்தத் தீர்ப்பில் அடையாளங்களைச் சரியாகக் கணித்தாயா என்று எவரும் கேட்கப்படுவதில்லை. பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா, வியாதியாயிருந்தவனை விசாரித்தாயா என்பதே கேள்வி. நியாயத்தீர்ப்பைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை நோயாளிகளைப் பேணும் படிப்பிலிருந்து நிறுத்துவது, அந்த அதிகாரத்துக்கே எதிரானது. வருகை நெருங்கிவிட்டதென்று தெசலோனிக்கேயில் கலக்கம் எழுந்தபோது பவுல் அவர்களைத் தேற்றினார். அதே நிருபத்தில், வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கடுமையாகவே எழுதினார் (2 தெசலோனிக்கேயர் 3:10).

நிலம் பாகம் பிரியாத குடும்பச் சொத்தாக இருந்தால், அவர் தம் பங்குக்கு மேல் விற்க முடியாது. யார் கேட்டாலும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: இறந்தவுடன் தனித்தீர்வை நடந்துவிடுகிறது என்றால், உலக முடிவில் பொதுத்தீர்வை எதற்கு?
– கத்தோலிக்க வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இறந்தவரின் ஆன்மா தன் தீர்ப்பின் பலனுக்காக உலக முடிவுவரை காத்திருப்பதில்லை என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-இல் உறுதியாக வரையறுத்தார். பொதுத்தீர்வையில் அந்தத் தீர்ப்பு மாற்றப்படுவதில்லை. உடல் உயிர்த்தெழுந்தபின், ஒருவர் செய்த நன்மையும் செய்யாமல் விட்ட நன்மையும் பிறர் வாழ்வில் எவ்வளவு தூரம் சென்றன என்பது, அவர் காலத்துக்குப் பின் விளைந்தவை உட்பட, எல்லாருக்கும் முன்பாக வெளிப்படும் என்பதே திருச்சபையின் போதனை.