ஜவுளி குடோன்ல பார்கோடை விட்டுட்டு ஆர்எஃப்ஐடிக்கு மாறினா உண்மையிலேயே லாபமா?

நாலு கிளை, ஒரு குடோன், சிஸ்டத்துல இருக்கிற ஸ்டாக்கும் ரேக்ல இருக்கிற ஸ்டாக்கும் எப்பவுமே ஒத்துப்போறதில்ல, வெண்டர் வந்து ஆர்எஃப்ஐடி, அதாவது ரேடியோ அலைல படிக்கிற டேக், போட்டா எல்லாம் சரியாயிரும்ங்கிறார், நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில பேக்கிங், டிஸ்பேட்ச் பாக்கிறவங்க, ஃபாரின் பையர்களுக்காக தினமும் இந்த டேக் மாட்டின பீசைத்தான் பொட்டில போட்டு அனுப்பறோம். குடோனை மட்டும் கணக்குல வெச்சு வாங்கினா போட்ட காசு திரும்பி வர்றது கஷ்டம், கடையையும் சேர்த்து கணக்குப் போட்டீங்கன்னா வரும். ஏன்னு சொல்றேன்.

டெக்னாலஜி ஒண்ணும் புதுசில்ல, உங்க கார் கண்ணாடில ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேக் அதே வகைதான். பேட்டரி கிடையாது, ரீடர் அனுப்பற அலைல இருந்தே கொஞ்சூண்டு பவர் எடுத்துக்கிட்டு தன் நம்பரைத் திருப்பிச் சொல்லும். தூரத்துல இருந்து படிக்கும், பொட்டியைத் திறக்காம படிக்கும்னுதான் எல்லாரும் சொல்வாங்க, ஆனா எனக்கு அதைவிடப் பெருசா தெரியறது சீரியல் நம்பர்தான். பார்கோடுல நீலக்கலர் எம் சைஸ் டிசர்ட் ஆயிரம் பீஸ் இருந்தா ஆயிரத்துக்கும் ஒரே நம்பர், ஒருத்தன் ஒரே பீசை ரெண்டு தடவை ஸ்கேன் பண்ணிட்டா ரெண்டுன்னு ஏறிரும். இதுல ஒவ்வொரு பீசுக்கும் தனி நம்பர், நூறு தடவை படிச்சாலும் ஒண்ணுதான்.

இதுல பெரிய அளவுல கையைச் சுட்டுக்கிட்டது வால்மார்ட். 2003ல அறிவிச்சாங்க, டாப் 100 சப்ளையர் எல்லாம் 2005 ஜனவரிக்குள்ள பொட்டிக்கும் பேலட்டுக்கும் (பொட்டிகளை அடுக்கற தட்டு) டேக் ஒட்டி அனுப்பணும்னு. அப்ப ஒரு டேக் 20 சென்ட்டுக்கு மேல. அந்தக் காசை சப்ளையர் போடணும், அதனால வர்ற லாபம் வால்மார்ட்டுக்கு. யாருங்க மனசார பண்ணுவாங்க? பல பேரு கடைசி நிமிஷத்துல அந்த ஆர்டருக்கு மட்டும் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பிட்டு கடமை முடிஞ்சதுன்னு விட்டுட்டாங்க. 2008ல அவங்க சாம்ஸ் கிளப், டேக் இல்லாத பேலட்டுக்கு 2 டாலர் பிடிப்போம்னுகூட மிரட்டிப் பாத்துச்சு, அப்புறம் அவங்களே அதை 12 சென்ட்டுக்கு இறக்கிட்டாங்க.

ஆனா அந்தக் கூத்துலயும் ஒரு நல்ல விஷயம் வெளிய வந்துச்சு. ஆர்கன்சா யுனிவர்சிட்டிக்காரங்க 2005ல டேக் இருந்த கடை, இல்லாத கடை ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்ததுல, டேக் இருந்த கடைகள்ல ரேக் காலியா கிடக்கிறது 16 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. எப்படின்னா, சரக்கு இறங்கற வாசல்ல ஒரு ரீடர், பின்னாடி ரூம்ல இருந்து கடைக்குள்ள போற கதவுல ஒண்ணு, காலி அட்டைப்பொட்டியை நசுக்கற மிஷின்கிட்ட ஒண்ணு. பொட்டி உள்ள வந்துச்சு, ஆனா கதவைத் தாண்டல, நசுக்கவும் இல்லன்னா சரக்கு இன்னும் பின்னாடிதான் கிடக்குதுன்னு தெரிஞ்சுரும். கஸ்டமர் கேட்டா ஸ்டாக் இல்லம்பாங்க, சரக்கு மேல் மாடில தூங்கிக்கிட்டு இருக்கும், நம்ம ஊர் கடைலயும் தினமும் நடக்கறதுதானே.

அப்புறம் 2010ல வால்மார்ட்டே பொட்டியை விட்டுட்டு ஜீன்ஸ், உள்ளாடைன்னு பீஸ் வாரியா டேக் போட ஆரம்பிச்சாங்க, அங்கதான் விஷயம் புடிச்சுது. அலையைத் தடுக்கற தண்ணி துணில கிடையாது, உலோகமும் பெருசா கிடையாது, சைஸ் கலர்னு வெரைட்டி ஏகப்பட்டது, எண்றது நரக வேதனை, இந்த மாதிரி சரக்குக்குன்னே செஞ்ச மாதிரி. ஜாராக்காரங்க 2014ல இருந்து செக்யூரிட்டி அலாரம் பட்டனுக்குள்ளயே சிப்பை வெச்சு, பில் போடறப்ப கழட்டி திரும்பவும் யூஸ் பண்ணாங்க. டெகாத்லான்ல நீங்களே பாத்திருப்பீங்க, எடுத்த சாமானைத் தொட்டில போட்டா பில் வந்துரும். டேக் விலையும் இப்ப மொத்தமா வாங்கினா 5 சென்ட்டுக்குக் கீழ இறங்கிருச்சு.

எங்க பக்கம் என்ன நடக்குதுன்னா, பேக்கிங் முடிஞ்ச கார்ட்டன் ஒரு டன்னலுக்குள்ள போகும், உள்ள ஆன்டெனா இருக்கும், ஸ்க்ரீன்ல எஸ் எத்தனை எம் எத்தனைன்னு வந்துரும், பேக்கிங் லிஸ்ட்டோட ஒரு பீஸ் ஒத்துப்போகலைன்னாலும் சிவப்பு லைட்டு, பொட்டி ஓரமா போயிரும். முன்னெல்லாம் சந்தேகம் வந்தா டேப்பை அறுத்து கொட்டி எண்ணணும், ஷார்டேஜ்னு பையர் காசைப் பிடிச்சு டெபிட் நோட் அனுப்பினா நாம கரெக்டாத்தான் அனுப்பினோம்னு காட்ட கைல எதுவும் இருக்காது. இப்ப இருக்கு.

வெண்டர் சொல்லாத விஷயங்களும் இருக்கு. மெல்லிசான டிசர்ட்டை மடிச்சு ஒரே பக்கமா அடுக்கினா ஹேங்டேக் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அப்பிக்கிட்டு உக்காந்துரும், அப்ப சிலது படிக்காது, அதுக்காகவே தலைமாத்தி தலைமாத்தி அடுக்கறோம். பக்கத்து டேபிள்ல இருக்கிற பீசையும் சேர்த்துப் படிச்சுத் தொலைக்கும், அதுக்கு மறைப்பு வேணும். ஃபாயில் பிரிண்ட் போட்ட சரக்குன்னா தனியா டெஸ்ட் பண்ணித்தான் ஓட்டுவோம். எல்லாத்துக்கும் மேல, அது டேக்கைத்தான் படிக்கும், துணியைப் படிக்காது. அறுந்து விழுந்த டேக் பொட்டிக்கு அடியில கிடந்தா அதையும் ஒரு பீஸ்னு எண்ணிரும், எம் பீசுல எல் டேக் மாட்டிட்டா எல்னுதான் சத்தியம் பண்ணும். அதனால டேக் மாட்டற டேபிள்ல செக்கிங் ஸ்ட்ராங்கா இல்லைன்னா மீதி எல்லாம் வேஸ்ட்டுங்க.

இப்ப உங்க விஷயம். ஸ்டாக் ஒத்துப்போகலைங்கிறது உங்க ஒருத்தர் பிரச்சனை இல்ல, 2008ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 37 கடைல கிட்டத்தட்ட 3,70,000 ஸ்டாக் ரெக்கார்டைச் சரிபாத்தப்ப 65 சதவீதம் தப்பா இருந்துச்சு. ஆனா உங்களுக்கு தப்பு எங்க நுழையுதுன்னு மொதல்ல பாருங்க. ஜிஆர்என் (சரக்கு வந்ததுக்கான பதிவுச் சீட்டு) போடாம சரக்கு உள்ள வர்றது, கிளைக்கு கிளை சீட்டு இல்லாம மாத்திக்கிறது, ரிட்டர்ன் பீசை அப்படியே ரேக்ல சொருகறது, இதெல்லாம்தான் காரணம்னா அதை ஆளும் பழக்கமும்தான் சரி பண்ணணும், டேக் போட்டாலும் அடுத்த வாரமே பழையபடி ஆயிரும். அதெல்லாம் ஒழுங்கா இருந்தும் ஒத்துப்போகலை, வருஷத்துக்கு ஒரு தடவை கடையை மூடி எண்ணவேண்டியிருக்குன்னா தாராளமா போலாம். அப்பவும் வாசலுக்கு வாசல் ஃபிக்ஸட் ரீடர்னு கொட்டேஷன் குடுப்பாங்க, வேண்டாம். ஒரு கிளை, ரெடிமேட் செக்‌ஷன் மட்டும், கைல புடிக்கிற ரீடர் ஒண்ணு போதும். வாரா வாரம் எண்ணிப் பாருங்க, காலி சைஸை உடனே குடோன்ல இருந்து நிரப்புங்க, சேல்ஸ் ஏறுதான்னு பாருங்க, லாபம் அங்கதான் இருக்கு.

ரீடர் வாங்கறப்ப இந்தியாவுக்கான 865-868 மெகாஹெர்ட்ஸ் செட்தானான்னு கேளுங்க, அமெரிக்க செட் 902-928ல ஓடும், சல்லிசா கிடைக்குதேன்னு சொந்தக்காரர்கிட்ட சொல்லி அங்கிருந்து எடுத்துட்டு வந்துறாதீங்க. இன்னொண்ணு, பட்டுச்சேலை. ஜரிகைல செம்போ வெள்ளியோ இருக்கும், அது அலையைத் தடுக்கும், அடுக்கி வெச்ச சேலைக்கு நடுவுல டேக்கைச் சொருகினா சரியா படிக்காம போக நிறைய வாய்ப்பிருக்கு. அதனால வெண்டரை உங்க குடோனுக்கே வரச்சொல்லி, உங்க ரேக்ல உங்க பட்டுக்கட்டையே வெச்சு டெமோ காட்டச் சொல்லுங்க, காட்டன் டிசர்ட் வெச்சு காட்டற டெமோ யாருக்கும் ஃபெயில் ஆகாது.