முனை வளைந்தது எங்கே? கண் அறுவைக் கருவிகள் குறித்துக் கேள்வி பதில்

கண் மருத்துவமனை சிஎஸ்எஸ்டி-யில், அதாவது அறுவைக் கருவிகளைக் கழுவி ஸ்டெரைல் செய்து கொடுக்கும் பிரிவில், 26 வருடம் இருந்தேன். கழுவுவது, பேக் போடுவது, ஆட்டோக்ளேவ் (நீராவிச் சூட்டில் கிருமியைக் கொல்லும் எந்திரம்) ஏற்றுவது எல்லாம் செய்து, பிறகு பொறுப்பாளர் ஆனவள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தியேட்டர் நர்ஸ்: அக்கா, எங்கள் பாயின்ட் ஒன் டூ ஃபோர்செப்ஸ் (நுண் இடுக்கி) மூன்றே மாதத்தில் முனை சேராமல் போய்விடுகிறது. "யார் கீழே போட்டது?" என்று டாக்டர் கத்துகிறார். சத்தியமாக யாரும் போடவில்லை.

நம்புகிறேன்மா. கீழே விழுந்து கெட்ட கருவிகளைவிட கிட்னி ட்ரேயில் கெட்டவைதான் நான் அதிகம் பார்த்தது. அந்த ஃபோர்செப்ஸின் பல் 0.12 மில்லிமீட்டர். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஆபரேஷன் முடிந்ததும் இமையை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம், நீடில் ஹோல்டர், கத்தரி எல்லாவற்றையும் ஒரே ட்ரேயில் அள்ளிப் போட்டுக் கழுவும் இடத்துக்கு நடக்கிறோம். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே கிணுகிணு என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதுதான் முனை வளையும் சத்தம்.

விரல் விரலாக நிற்கும் சிலிகான் மேட் போட்ட மூடி ட்ரே வாங்கச் சொல்லுங்கள். ஒரு கருவி இன்னொன்றைத் தொடக் கூடாது. ட்ரேயை ஆட்டினால் எதுவும் நகரக் கூடாது. கனமானவற்றுக்குத் தனி ட்ரே.

முனைக்கு உறை போடுகிறோம் என்று பல இடங்களில் ஐவி செட் டியூபை வெட்டிச் செருகுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். அது ஆட்டோக்ளேவ் சூட்டுக்குச் செய்த பொருள் அல்ல, இளகி முனையைக் கவ்விக்கொள்ளும். அதோடு, இறுக்கமான குழாய்க்குள் நீராவி போகாது. கண்ணுக்குள் போகும் இடம் மட்டும் ஸ்டெரைல் ஆகாமல் இருந்தால் மற்றதெல்லாம் எதற்கு? நீராவி போக வழியுள்ள, கொஞ்சம் தொளதொளப்பான சிலிகான் உறைதான் சரி.

அதே நர்ஸும் இன்னொருவரும்: ரத்தம் காயாமல் இருக்க சேலைனில் ஊறப் போடுகிறோம். தப்பா?

தப்பு. எவர்சில்வருக்கும் துரு பிடிக்கும். அதன் மேலிருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தை உப்பில் உள்ள குளோரைடு அரித்து, ஊசி குத்தியதுபோல் குழி போடும். அந்தக் குழிக்குள் அழுக்கு சேரும், பிறகு அங்கேயே உடையும். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியால் மூடி வையுங்கள், சீக்கிரம் கழுவ எடுத்துப் போங்கள். கடைசி அலசலும் டிஸ்டில்டு அல்லது ஆர்.ஓ. தண்ணீரில்தான். போர் தண்ணீரில் அலசிய கருவி ஆட்டோக்ளேவிலிருந்து வெள்ளைத் திட்டோடு வரும். அதைத் தேய்த்தே பாதிக் கருவிகளைக் கொன்றவர்கள் உண்டு.

இளம் மருத்துவர்: மேடம், ஒரே நாளில் கேட்டராக்ட் செய்த நான்கு பேருக்கு மறுநாள் காலையில் கார்னியா (கருவிழிப் படலம்) முழுக்க மங்கல். வலி அதிகமில்லை. கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஆட்டோக்ளேவ் ரிக்கார்டு எல்லாம் சரியாகவே இருக்கிறது. கருவியில் பிரச்சினை இருக்குமா?

டாக்டர், இது தொற்றா இல்லையா என்பது உங்கள் முடிவு. தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை தொற்றாகவே பார்ப்பீர்கள் என்று தெரியும். ஆனால் ஒரே நாளில் பல பேர், 12 முதல் 48 மணி நேரத்துக்குள், வலி குறைவு என்றால் டாஸ் எனப்படும் நச்சு அழற்சியை நினைக்கத்தான் வேண்டும். கிருமித் தொற்று பெரும்பாலும் இரண்டாம் நாளுக்குப் பிறகு, வலியோடு வரும்.

ரிக்கார்டு சரியாக இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆட்டோக்ளேவ் கிருமியைக் கொல்லும், கழுவாது. சில கிருமிகளின் சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் 134 டிகிரிக்கும் அசையாது. செத்த கிருமியின் விஷம் கருவியிலேயே தங்கிவிடும். அது எங்கிருந்து வரும்? நான் முதலில் பார்ப்பது அல்ட்ராசோனிக் பாத், அதாவது ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் தொட்டியின் தண்ணீரை. நேற்று ஊற்றியது இன்றும் கிடந்தால் அதுவே ஒரு குட்டிக் குளம்.

அடுத்து கேனுலா என்ற மெல்லிய குழாய் ஊசி. உள்ளே விஸ்கோ (ஆபரேஷனில் கண்ணுக்குள் போடும் ஜெல்) காய்ந்துவிட்டால் எந்தக் கழுவலிலும் முழுசாக வராது. கேஸ் முடிந்த உடனே தியேட்டரிலேயே பீய்ச்சிவிட வேண்டும். கழுவும் என்சைம் கரைசலின் மிச்சமும் உள்ளே நின்று நச்சாகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி நடந்தபோது, காரணம் புதிதாக வந்த ஒரு பையன். "நல்லா கழுவணும்" என்று லிக்விடை இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறான், அலசலை அதே இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கிறான். நல்ல எண்ணம்தான். அதன் பிறகு அளவுக் கோப்பை இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே விடவில்லை. முடிந்தால் கேனுலாவை ஒரு முறைக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

சிறு கிளினிக்: ஆட்டோக்ளேவில் வைத்தால் கத்தரியின் கூர் மழுங்குகிறது என்று குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் போடுகிறோம்.

கண்ணுக்குள் போகும் எதற்கும் வேண்டாம். 2 சதவீதக் கரைசலில் 20 நிமிடம் என்பது கிருமி நீக்கம்தான், ஒரு கிருமியும் மிஞ்சாத ஸ்டெரிலைசேஷனுக்கு 10 மணி நேரம் ஊற வேண்டும். மிச்சம் கண்ணுக்குள் போனால் கார்னியாவைக் கெடுக்கும். கருவி வைக்கும் ஃபார்மலின் மாத்திரைப் பெட்டி இன்னும் இருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள்.

பயோமெடிக்கல் தம்பி ஒருவர்: ஃபேக்கோ ஹேண்ட்பீஸ் (கேட்டராக்டை அதிர்வால் உடைக்கும் கைக்கருவி) அடிக்கடி சர்வீசுக்குப் போகிறது.

அடுத்த கேஸுக்கு அவசரம் என்று சூடாக வந்ததைத் தண்ணீரில் முக்குகிறார்களா, மறைந்து நின்று பாருங்கள் தம்பி. உள்ளே அதிர்வைத் தரும் பீசோ கிரிஸ்டல் இருக்கிறது, திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும். தானாக ஆறட்டும். ஹேண்ட்பீஸை அல்ட்ராசோனிக் பாத்தில் போடவே கூடாது. ஒயரை முழங்கையில் இறுக்கிச் சுற்றுகிறவர்களையும் கவனியுங்கள்.

கிளை மருத்துவமனை ஊழியர்: வாரம் இரண்டு நாள் 60 கிலோமீட்டர் வேனில் செட்டுகளைக் கொண்டுபோகிறோம். பேக் கிழிந்து வருகிறது.

பேக்கைப் பேக் மேல் அடுக்கினால் கிழியத்தான் செய்யும். பூட்டுள்ள, கழுவக்கூடிய கெட்டிப் பெட்டி வேண்டும். உள்ளே ட்ரே படுக்கையாக, ஆடாமல் இருக்கட்டும். வெயிலில் நின்ற வேனின் டிக்கியில் வைத்துவிட்டு ஏசி அறைக்குள் கொண்டுபோனால் பேக் வியர்க்கும். ஆட்கள் உட்காரும் பக்கமே வையுங்கள். பயன்படுத்திய செட் திரும்பி வர வேறு பெட்டி, வேறு நிறம். பெட்டி காலியாக இருக்கிறதே என்று அதிலேயே போடும் டிரைவர்கள் உண்டு.

ஸ்டோர் பொறுப்பாளர்: பேக் போட்டது எத்தனை நாள் செல்லும்?

பேக் உறை தயாரிப்பாளர் சொன்ன கெடு ஒரு பக்கம். அதற்குள்ளேயே நனைந்தால், கிழிந்தால், தரையில் விழுந்தால் அன்றே முடிந்தது. ஆட்டோக்ளேவிலிருந்து ஈரமாக வந்த பேக் முதலிலேயே கணக்கில் இல்லை, சூடாக எடுத்து எவர்சில்வர் மேஜையில் வைத்தாலும் அடியில் நீர் கோக்கும். தரையிலிருந்து ஓர் அடியாவது மேலே, சுவரை ஒட்டாமல், ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டாத அறையில் வையுங்கள். பவுச்சுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். பேக்கில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டது என்று நிம்மதியாகவும் வேண்டாம். அந்த பேக் ஆட்டோக்ளேவுக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

எண்டோஸ்கோப்பி பிரிவு: கம்பெனி கொடுத்த ஸ்பாஞ்ச் பெட்டியிலேயே ஸ்கோப்பை (உடலுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவியை) வைக்கலாமா?

என் துறை இல்லை, ஆனாலும் இது தெரியும்: அந்தப் பெட்டி சர்வீசுக்கு அனுப்ப மட்டும். ஸ்பாஞ்சைச் சுத்தம் செய்ய முடியாது. ஸ்கோப்பை உலர்த்தி அலமாரியில் நேராகத் தொங்க விடுங்கள்.

நிர்வாகி: மேட், உறை, பெட்டி என்று செலவு கூடுகிறது. எதைக் குறைக்கலாம்?

எதையும் குறைக்க வேண்டாம் சார், ஒரு செட் கூடுதலாக வாங்குங்கள். மூன்று செட்டை வைத்துக்கொண்டு இருபது கேஸ் ஓட்டினால், கழுவுகிறவள் எதையாவது தாண்டித்தான் தீருவாள். ரிப்பேர் பில்லை ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

மாணவி: கருவிகள் வேறு தியேட்டருக்குப் போய்விடுகின்றன. பெயர் வெட்டிக்கொள்ளலாமா சிஸ்டர்?

சீர்வரிசைப் பாத்திரமா, பெயர் வெட்ட? வெட்டின இடத்தில் படலம் போய், துரு அங்கேதான் தொடங்கும். கலர் டேப் ஒட்டினால் அடியில் அழுக்கு சேரும். வாங்கும்போதே லேசர் குறி கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.