வயதுக்கேற்ற உடை என்றால் என்ன? பெண்கள் அப்படித்தான் உடுத்த வேண்டுமா?

'வயதுக்கேற்ற உடை' என்பது, இந்த வயதுக்கு இந்த நிறம், இந்த நீளம் என்று மற்றவர்கள் மனதில் போட்டு வைத்திருக்கும் கோடு. (ஆண்களிடம் இதை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை.) கட்டாயம் எதுவுமில்லை.

உடல் மாறுவது மட்டும் நிஜம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் பலருக்குத் திடீரென உடம்பு கொதித்து வியர்க்கும். கழுத்தை இறுக்காத பருத்தித் துணி அப்போது நிம்மதி. விரல் மூட்டு வலிப்பவருக்கு முதுகுப்பக்க ஜிப்பை இழுப்பதே பெரும்பாடு. முன்பக்கம் பெரிய பொத்தான் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

உடையும் மூக்குக் கண்ணாடி மாதிரிதான். 40 வயதைத் தாண்டினால் படிக்க லென்ஸ் தேவைப்படலாம். ஃப்ரேம் சிவப்பா கறுப்பா என்பது உங்கள் இஷ்டம்.

பளிச்சென்ற நிறம் வயதைக் கூட்டிக் காட்டும் என்பார்கள். தோளில் தொங்கும், அளவு சரியில்லாத தையல்தான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறது.