லொறி இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது: எங்கே தொடங்கிப் பார்ப்பது?

நெல் ஏற்றும் உங்கள் லொறி வெறுமையாக நிற்கும்போதும் இடது பக்கம் தாழ்ந்திருப்பதாகவும், பின்னால் இரண்டு ஷொக் அப்சோபர்களையும் புதிதாக மாற்றிய பிறகும் சாய்வு அப்படியே இருப்பதாகவும், இனி இடது ஸ்பிரிங்கின் உருக்குப் பட்டை அடுக்கில் இன்னொரு பட்டையை, அதாவது ஒரு பிளேட்டைக் கூட்டிப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். களுவாஞ்சிகுடியில் லொறிகளின் அடிப்பகுதி வேலையையே தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த இடத்தில் உயரம் குறைந்திருக்கிறது என்பதை அளந்து உறுதிப்படுத்தும்வரை ஒரு பிளேட்டையும் கூட்டாதீர்கள்.

ஷொக் அப்சோபரை மாற்றியதில் பலன் கிடைக்காதது இயல்பானதே. ஸ்பிரிங் குலுங்குவதை அடக்குவதுதான் அதன் வேலை. நின்றுகொண்டிருக்கும் லொறியின் பாரத்தை அது தாங்குவதில்லை. பாரம் முழுவதையும் ஸ்பிரிங்கும் டயரும் தாங்குகின்றன.

முதலில் லொறியை மட்டமான தரையில் நிறுத்துங்கள். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மழைநீர் வடிந்தோடுவதற்காக நம்முடைய வீதிகள் நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் போடப்பட்டிருக்கின்றன. நாம் இடப்பக்கமாக ஓடுகிறவர்கள் ஆகையால், கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வீதியோரம் நிறுத்திய எந்த லொறியும் சிறிது இடது பக்கம் சாய்ந்தே தெரியும். நெல் ஆலையின் சீமெந்துத் தளம் அல்லது பாரம் நிறுக்கும் தராசு மேடை இதற்கு ஏற்றது. தரையில் சந்தேகம் இருந்தால், மேசன்மார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயைக் கொண்டு நான்கு சில்லுகளின் இடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டீசல் தாங்கியும் பெட்டரியும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். 100 லீட்டர் டீசல் ஏறத்தாழ 85 கிலோ பாரம் என்றாலும், இந்த அளவு லொறியில் அது சில மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாட்டைத் தராது.

அடுத்து டயர். பின்பக்க இரட்டை டயர்களில் உட்புற டயரின் காற்று குறைந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே ஆறு டயர்களையும் கேஜ் வைத்தே பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் புதிய டயரும் மறுபக்கத்தில் தேய்ந்த டயரும் இருந்தாலும் உயரம் வேறுபடும்.

இப்போது அளவெடுங்கள். ஒவ்வொரு சில்லுக்கும் நேரே செசியின் (லொறியின் அடிச்சட்டம்) அடிவிளிம்பிலிருந்து அக்சிலின் (இருபுறச் சில்லுகளையும் தாங்கும் அச்சு) மேற்பரப்பு வரையுள்ள உயரத்தை ஓர் அளவாகவும், செசியின் அடிவிளிம்பிலிருந்து தரை வரையுள்ள உயரத்தை மற்றோர் அளவாகவும் எழுதிக்கொள்ளுங்கள். அக்சில் வரையிலான உயரம் இருபுறமும் சமமாக இருந்து, தரை வரையிலான உயரம் மட்டும் வேறுபட்டால், குறை டயரிலோ தரையிலோ இருக்கிறது. இரண்டு அளவுகளும் சமமாக இருந்தும் மேலேயுள்ள பெட்டி மட்டும் சாய்ந்து தெரிந்தால், பெட்டியின் அடிமரங்களையும் அதைச் செசியோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். உக்கிய மரம் நசிந்து பெட்டியைச் சாய்த்துவிடும். அக்சில் வரையிலான உயரமே வேறுபடும்போதுதான் ஸ்பிரிங்கின் மீது சந்தேகம் கொள்ள வேண்டும்.

அப்போதும் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்தான் குற்றவாளி என்று முடிவெடுத்துவிட முடியாது. செசி நான்கு மூலைகளையும் ஒன்றாகப் பிணைப்பதால், பின்னால் உள்ள ஒரு குறை முன்பக்கத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடும். இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. வெறும் லொறியின் பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் அக்சிலின் சரி நடுவில் ஜக்கைக் கொடுத்து, முன் சில்லுகள் தரையை விட்டுச் சற்றே எழும்பும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். முன்பக்கம் ஒரே புள்ளியில் நிற்பதால், இப்போது லொறியின் சாய்வைத் தீர்மானிப்பது பின் ஸ்பிரிங்குகள் மட்டுமே. சாய்வு மாறாமல் இருந்தால் குறை பின்னால். சாய்வு நீங்கிவிட்டால் குறை முன்னால். அக்சிலின் இருபுறமும் ஸ்டாண்டுகளைத் தொடாத அளவு இடைவெளியில் நிறுத்திவையுங்கள்; அந்த நேரத்தில் எவரும் அடியில் நுழையக் கூடாது.

குறை பின்னால்தான் என்றால், ஸ்பிரிங்கைக் கழற்றாமல் காணக்கூடியவை சில உண்டு. எங்கள் பகுதியில் உப்புக்காற்றோடு, வாழைச்சேனைப் பக்கமிருந்து மீன் ஏற்றும் லொறிகளில் ஐஸ் கரைந்து வடியும் உப்புநீரும் சேர்ந்து, பிளேட்டுகளுக்கு இடையில் துருவைப் பெருக்கிவிடுகிறது. நீங்கள் பழைய லொறியாக வாங்கியிருந்தால், அது முன்பு மீன் ஏற்றியதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். துரு குழி விழுத்திய இடத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். பிளேட்டுகளை நடுவில் ஊடுருவிக் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி முறிந்த பிளேட்டை, ஸ்பிரிங்கை அக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளே இறுக்கிப் பிடித்திருப்பதால், வெளியே ஒன்றும் தெரியாமல் உயரம் மட்டும் குறைந்திருக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் செசியோடு இணைத்து ஆட விடும் ஷெக்கல் துருப்பிடித்து இறுகினாலும் ஸ்பிரிங் நீளவோ சுருங்கவோ முடியாமல் ஒரு பக்கம் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றுவிடும். இருபுறமும் முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை அளந்து பாருங்கள். நீளம் வேறுபட்டால் சென்டர் போல்ட் அறுந்து அக்சில் நகர்ந்திருக்கக்கூடும். அப்படியானால் லொறியை ஓட்டாதீர்கள்.

இவற்றில் எதுவும் அகப்படாவிட்டால், நான் மிகவும் நம்பும் சோதனை, பின் ஸ்பிரிங்குகள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பூட்டுவதாகும். சாய்வு வலப்பக்கத்துக்கு மாறினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இடப்பக்கத்திலேயே நின்றால் செசியோ, ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டோ வளைந்திருக்கிறது. சில ஸ்பிரிங்குகளில் சென்டர் போல்ட் சரி நடுவில் இருப்பதில்லை என்பதால், முன்முனை முன்னுக்கே வரும்படி பூட்ட வேண்டும். கூலி செலவாகும்தான், ஆயினும் தேவையற்ற உதிரிப்பாகங்களை வாங்குவதை விட அது குறைவு.

உங்கள் பிளேட் யோசனைக்கு வருகிறேன். இடப்பக்கம் மட்டும் ஒரு பிளேட் கூட்டினால் அந்தப் பக்கம் விறைப்பாகும். வெறும் லொறி நேராக நிற்கும், ஆனால் நெல் மூடைகளை அடுக்கியதும் வலப்பக்கம் கூடுதலாக அமுங்கி லொறி வலது பக்கம் சாயும். பெரும்போக அறுவடையில், வயல் வட்டைக்குள்ளிருந்து வாய்க்கால் கரையோடு வரும் ஒடுங்கிய கிறவல் பாதையில், மூடைகளை உயரமாக அடுக்கிய லொறி சாய்வது எத்தகைய ஆபத்து என்பது உங்களுக்கே தெரியும். அதனால் ஸ்பிரிங்கை எப்போதும் ஒரே அக்சிலின் இருபுறமும் சோடியாகவே மாற்ற வேண்டும். புதியது வாங்க வசதியில்லாவிட்டால், இரண்டு பக்கப் பிளேட்டுகளையும் சூடாக்காமல் அடித்து வளைவு கொடுப்பிக்கலாம். அது நெடுநாள் நிற்காது. காஸ் வைத்துச் சூடாக்கி வளைப்பவரிடம் கொடுக்கவே வேண்டாம், உருக்கின் பதம் போய்விடும்.

பூட்டும்போது பழைய யூ போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை இறுக்கியவை நீண்டிருக்கும். றப்பர் புஷ் உள்ள ஸ்பிரிங்காக இருந்தால், ஸ்பிரிங் முனைகளின் வளையங்களுக்குள் செல்லும் கண் போல்ட்டுகளை லொறியின் பாரம் சில்லுகளில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். சில்லுகள் தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகி, ஒரு பக்கத்தை உயர்த்தியே வைத்திருக்கும். பின் அக்சிலோடு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு உங்கள் லொறியில் இருந்தால், உயரம் மாறியதற்கேற்ப அதையும் சரிசெய்விக்க வேண்டும், இல்லாவிட்டால் பின் பிரேக்கின் பிடி மாறிவிடும். முதல் பாரம் ஏற்றி இறக்கியதும் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, அதே தளத்தில் அதே அளவுகளை மறுபடியும் எடுத்துப் பழையவற்றுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.